நெல் விலையும் எடையும்: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் தானிய வணிகம் பற்றிய ஐயங்களை எழுதி அனுப்புமாறு வாசகர்களைக் கேட்டிருந்தோம். விளைவித்து விற்பவர்கள், வாங்கி விற்பவர்கள், கடையில் அரிசி வாங்குபவர்கள் என்று மூன்று தரப்பினரும் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலான கடிதங்கள் நெல்லைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருக்கும் இடங்களில் விவரம் நிறைந்த ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மன்னார்குடி வட்டத்தில் எனக்கு மூன்று ஏக்கர் நஞ்சை. குறுவைப் பருவத்துக்கு ஏ.எஸ்.டி 16 ரக நெல் போட்டிருந்தேன். மழைக்கு நடுவே இயந்திரம் விட்டு அறுத்ததில் நெல் ஈரமாக இருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் கருவி வைத்துப் பார்த்து 22 சதவீதம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். களத்துக்கே வந்த வியாபாரி 60 கிலோ மூட்டையை 1,260 ரூபாய்க்குக் கேட்கிறார். ஆனால் ஈரத்துக்காக என்று சொல்லி, சாக்கு எடை போக 62 கிலோ வைக்கச் சொல்கிறார். பணத்தைக் கையில் உடனே தருகிறார். காயவைத்து அரசுக்குப் போடுவதா, இவருக்கே கொடுத்துவிடுவதா?

பதில்: இந்தப் பதில் அச்சாகித் தங்கள் கைக்கு வருவதற்குள் அந்த நெல் விற்றுப் போயிருக்கக்கூடும். ஆனாலும் சம்பா, தாளடிப் பருவங்களிலும் இதே நிலை வரும் என்பதால், கணக்கை முழுமையாகவே போட்டுக் காட்டுகிறேன்.

முதலில் எல்லா விலையையும் குவிண்டாலுக்கு, அதாவது 100 கிலோவுக்கு, மாற்றிக்கொள்ள வேண்டும். கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு 40 கிலோ, டெல்டாவில் தனியார் வாங்கும்போது 60 கிலோ, திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் 75 கிலோ என்று மூட்டையின் அளவே இடத்துக்கு இடம் மாறுவதால், மூட்டை விலையை வைத்து ஒப்பிடுகிறவர்கள் ஏமாறுவது எளிது. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை பொது ரகத்துக்கு 2,369 ரூபாய்; அதன்மேல் தமிழக அரசு தரும் ஊக்கத்தொகை 131 ரூபாய்; ஆக, குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். சன்ன ரகத்துக்கு 2,389 ரூபாயும் 156 ரூபாயும் சேர்ந்து 2,545 ரூபாய். ஏ.எஸ்.டி 16 குண்டு ரகம் என்பதால் தங்களுக்கு 2,500 ரூபாய்தான் பொருந்தும். அதாவது 40 கிலோ மூட்டைக்கு 1,000 ரூபாய்.

இப்போது ஈரத்தின் கணக்கு. 22 சதவீத ஈரப்பதம் உள்ள 1,000 கிலோ நெல்லில் 220 கிலோ தண்ணீர். மீதி 780 கிலோதான் காய்ந்த பொருள். அதைக் கொள்முதல் நிலையம் ஏற்கும் வரம்பான 17 சதவீதத்துக்குக் காயவைத்தால் இந்த 780 கிலோ, மொத்த எடையில் நூற்றுக்கு 83 பங்காக இருக்க வேண்டும். ஆகவே கையில் மிஞ்சும் எடை ஏறக்குறைய 940 கிலோ. டன்னுக்கு 60 கிலோ குறைகிறது. அந்த 940 கிலோவைக் கொள்முதல் நிலையத்தில் போட்டால் சுமார் 23,500 ரூபாய் கிடைக்கும். வேறு விதமாகச் சொன்னால், அரசு விலையை அடிப்படையாக வைத்துப் பார்க்கும்போது தங்களுடைய ஈர நெல்லின் மதிப்பு குவிண்டாலுக்கு 2,350 ரூபாய்.

வியாபாரி 60 கிலோவுக்கு 1,260 ரூபாய் என்று சொல்வது குவிண்டாலுக்கு 2,100 ரூபாய் ஆகிறது. ஈரத்துக்காக 150 ரூபாய் குறைத்திருந்தால் அது நியாயம். அவர் 400 ரூபாய் குறைத்திருக்கிறார். அதற்குப் பிறகும் ஈரத்தின் பெயரைச் சொல்லியே மூட்டைக்கு 2 கிலோ கூடுதலாகக் கேட்பது, ஒரே குறைக்கு இரண்டு முறை பிடித்தம் செய்வதாகும். 62 கிலோவுக்கு 1,260 ரூபாய் என்றால் டன்னுக்குக் கிடைப்பது 20,320 ரூபாய்தான். காயவைத்துப் போடும் வழிக்கும் இதற்கும் டன்னுக்கு 3,180 ரூபாய் வித்தியாசம். மூன்று ஏக்கரில் ஆறு டன் கண்டிருந்தால் 19,000 ரூபாய்.

இந்த 19,000 ரூபாயும் தங்களுக்கு மிச்சம் என்று எண்ணிவிட வேண்டாம். களத்தில் கொட்டிக் கிளறும் ஆட்களின் கூலி, தார்ப்பாய் வாடகை, கொள்முதல் நிலையத்துக்கு வண்டிக் கூலி, முறை வரும்வரை அங்கே காவல் இருக்கும் நாட்கள் ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். வியாபாரியும் இந்தச் செலவுகளையும் கெட்டுப்போகும் அபாயத்தையும் தன் தலையில் ஏற்றுக்கொண்டுதான் வாங்குகிறார் என்பதால், அவருக்கு ஒரு லாபம் உரியதே. வானம் வெளுத்து, தொடர்ந்து இரண்டு மூன்று நாள் வெயில் கிடைக்கும் என்று தோன்றினால் காயவைப்பதுதான் என் யோசனை. வானம் மூடியே இருந்தால் வேறு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். 22 சதவீத ஈரத்தோடு குவித்து மூடிவைத்த நெல் உள்ளுக்குள் சூடேறி, மஞ்சள் பாய்ந்து, முளையும் விட்டுவிடும். சேதமடைந்த, நிறம் மாறிய, முளைவிட்ட, வண்டு விழுந்த நெல் எல்லாம் சேர்ந்து 5 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையம் அதை வாங்காது. அப்போது வியாபாரியும் இன்று சொல்லும் விலையைச் சொல்லமாட்டார். அந்த நிலையில் அவருக்கே கொடுப்பதில் தவறில்லை. ஆனால் பேரம் எடையிலிருந்து தொடங்கட்டும். 62 கிலோவை 60 ஆக்கிய பிறகு விலையைப் பேசுங்கள். விலையில் பத்து ரூபாய் விட்டுக்கொடுப்பதைவிட எடையில் ஒரு கிலோ விட்டுக்கொடுப்பதில் இழப்பு அதிகம். அது கண்ணுக்கும் தெரிவதில்லை.

காயவைக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உச்சி வெயிலில் தார்ச்சாலையில் மெல்லிசாகப் பரப்பி அவசரமாகக் காயவைத்த நெல்லில் அரிசிக்குள் விரிசல் விழுந்து, அரைக்கும்போது நொய் (உடைந்த அரிசி) அதிகமாகும். இரண்டு மூன்று அங்குலக் கனத்தில் பரப்பி, மணிக்கு ஒரு முறை கிளறிவிட்டு, சூடு ஆறிய பிறகு மூட்டை பிடிப்பது நல்லது. சூடு ஆறாத நெல்லில் ஈரமானிக் கருவி சரியான அளவையும் காட்டாது. கருவிக்கு எடுக்கும் மாதிரி குவியலின் மேற்புறத்தில் அள்ளிய ஒரு கைப்பிடியாக இல்லாமல், பல இடங்களில் உள்ளிருந்து எடுத்துக் கலந்ததாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று முறை பார்த்துச் சராசரி எடுக்கும்படி தாங்கள் கேட்கலாம்.

17 சதவீத வரம்பைக் கொள்முதல் நிலையப் பணியாளர் தம் விருப்பத்துக்குத் தளர்த்த முடியாது. மழைக் காலங்களில் மாநில அரசு கேட்டுக்கொண்டு, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் பார்த்த பிறகு, தளர்வு உத்தரவு வருவதுண்டு. 2022-23 பருவத்தில் முதலில் 19 சதவீதம் வரையிலும் பின்னர் 20 சதவீதம் வரையிலும் வாங்க அனுமதி கிடைத்தது. என் வருத்தமெல்லாம், உத்தரவு வருவதற்குள் சிறு விவசாயியின் நெல் பெரும்பாலும் வியாபாரியின் லாரியில் ஏறிவிடுகிறது என்பதுதான். மழை அறுவடை டெல்டாவுக்குப் புதியதல்ல. ஒவ்வொரு முறையும் குழு வந்து பார்த்துத்தான் தளர்வு என்பதற்குப் பதிலாக, ஈரப்பதத்துக்கு ஏற்ற விலைக் குறைப்போடு வாங்கும் நிலையான ஏற்பாடும், கொள்முதல் நிலையங்களில் உலர்த்தும் இயந்திரங்களும் இருந்தால் தங்களைப் போன்றவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது.

கேள்வி: கல்லூரியில் வரலாறு படிக்கிறேன். என் பாட்டி இன்னும் மரக்கால், கலம் என்றுதான் பேசுகிறார். அந்தக் காலத்தில் எடை போடாமல் அளந்து விற்றதில் ஏமாற்று குறைவாக இருந்ததா? (மதுரை வாசகி)

பதில்: குறைவாக இருந்தது என்று சொல்வதற்கில்லை. எட்டு நாழி கொண்டது ஒரு குறுணி. குறுணியைத்தான் மரக்கால் என்கிறோம். இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். ஆக, கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால். இந்த வாய்பாடு ஊருக்கு ஊர் ஒன்றாக இருந்தாலும் மரக்காலின் கொள்ளளவு ஒன்றாக இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசனின் கல்வெட்டுகள் நெல்லைக் குறிப்பிடும்போது வெறுமனே இத்தனை கலம் என்று விட்டுவிடாமல், ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்தது என்று எந்த மரக்கால் என்பதையும் சேர்த்தே பொறித்திருக்கின்றன. அளவுகருவியைப் பெயர் சொல்லிக் குறிக்க வேண்டிய தேவை இருந்தது என்றால், அளவில் வேறுபாடுகள் இருந்தன என்றுதானே பொருள்?

ஒரே மரக்காலிலும் தலைதட்டி அளப்பது வேறு, கூம்பாகக் குவித்து அளப்பது வேறு. வாங்கும்போது குவித்தும் விற்கும்போது தட்டியும் அளப்பவர்களைப் பற்றித் தங்கள் பாட்டியிடம் கேட்டால் நிறையச் சொல்வார். மெட்ரிக் எடை முறையை நாடு முழுவதும் கொண்டுவருவதற்கான சட்டம் 1956இல் வந்தது. அதற்குப் பிறகும் வழக்கம் உடனே மாறிவிடவில்லை. முந்தைய கடிதத்தில் வரும் 62 கிலோ மூட்டையைப் பார்க்கும்போது, குவித்து அளக்கும் பழக்கம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: ஆரணி அருகே வசிக்கிறேன். படித்துவிட்டு வெளியூர் வேலைக்குப் போக விருப்பமில்லை. சுற்று வட்டாரத்தில் நெல் வாங்கி அரிசி ஆலைகளுக்குக் கொடுக்கும் தொழிலைத் தொடங்க நினைக்கிறேன். என்னென்ன உரிமங்கள் தேவை? எதைக் கற்றுக்கொண்டு தொடங்க வேண்டும்?

பதில்: உரிமத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1987ஆம் ஆண்டின் தமிழ்நாடு வேளாண் விளைபொருள் விற்பனை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட பகுதியில் நெல் வாங்கி விற்க விற்பனைக்குழுவின் உரிமம் வேண்டும். வாங்கும் மதிப்பில் 1 சதவீதத்தை விற்பனைக்கூடக் கட்டணமாக வாங்குபவரே செலுத்த வேண்டும். விவசாயியிடம் அதைப் பிடித்தம் செய்யக் கூடாது. தங்கள் தராசு எடையளவுச் சட்டப்படி முத்திரையிடப்பட்டதாக இருக்க வேண்டும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் மறுமுத்திரை போட வேண்டும். தமிழகத்தில் இந்தப் பணியைத் தொழிலாளர் துறை பார்க்கிறது. தங்கள் ஊருக்கான படிவங்களையும் கட்டணத்தையும் அருகிலுள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் கண்காணிப்பாளரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கற்றுக்கொள்வதற்கும் அந்த விற்பனைக்கூடமே நல்ல இடம். அறுவடைக் காலத்தில் காலையிலேயே போய், ஒரு பார்வையாளராக நின்று பாருங்கள். வண்டி வண்டியாக வரும் நெல்லைக் குவியல் குவியலாக வைத்து ஒவ்வொன்றுக்கும் எண் கொடுப்பார்கள். வியாபாரிகள் ஒவ்வொரு குவியலாகப் பார்த்துக்கொண்டு போவார்கள். அனுபவமுள்ளவர் கையை முழங்கை வரை குவியலுக்குள் விட்டு உள்நெல்லை அள்ளுவார். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து உமியை ஊதிவிட்டு, அரிசியின் நிறத்தையும், அதன் நடுவே சுண்ணாம்பு போலத் தெரியும் வயிற்று வெள்ளையையும் பார்ப்பார். ஒன்றிரண்டை எடுத்துப் பல்லில் வைத்துக் கடிப்பார். நறுக்கென்று உடைந்தால் காய்ந்த நெல், மெத்தென்று நசுங்கினால் ஈர நெல். பிறகு தாம் கொடுக்கக்கூடிய விலையைச் சீட்டில் எழுதிப் போடுவார், அல்லது 2016இல் தொடங்கப்பட்ட மின்னணு தேசிய வேளாண் சந்தை வழியாகப் பதிவு செய்வார். யார் எவ்வளவு எழுதினார் என்று மற்றவருக்குத் தெரியாது. அதிக விலை அறிவிக்கப்பட்ட பிறகும், கட்டுப்படியாகாது என்று நினைத்தால் விவசாயி விற்க மறுக்கலாம். இந்த முறையில் வாங்கிப் பழகியவருக்கு நெல்லைக் கண்ணால் எடைபோடும் திறமை தானாக வரும்.

ஆனால் அந்தச் சீட்டில் எந்த விலையை எழுதுவது என்பதுதான் தொழிலின் நடு நரம்பு. நெல்லின் விலையை அரிசியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். அரசு தன் நெல்லை ஆலைகளுக்குக் கொடுத்து அரைக்கும்போது, 100 கிலோ நெல்லுக்குப் பச்சரிசி என்றால் 67 கிலோ, புழுங்கல் என்றால் 68 கிலோ திரும்பத் தர வேண்டும் என்று வரையறுத்திருக்கிறது. 2,500 ரூபாய்க்கு வாங்கிய குவிண்டாலிலிருந்து 68 கிலோ அரிசி வந்தால், நெல்லின் அடக்கம் மட்டுமே கிலோ அரிசிக்கு ஏறக்குறைய 36 ரூபாய் 75 காசு. இது நொய்யும் சேர்ந்த கணக்கு. கடைக்குப் போகும் அரிசியில் நொய்யையும் நிறம் கறுத்த அரிசியையும் நீக்கிவிடுவதால், முழு அரிசியாக 58 கிலோ மட்டும் தேறுகிறது என்று வைத்துக்கொண்டால் அடக்கம் கிலோவுக்கு 43 ரூபாயாக ஏறிவிடும். இதற்கு மேல் நெல்லை அவிப்பது, அரவை, சாக்கு, லாரி, வட்டி ஆகிய செலவுகள். இவற்றுக்கு எதிராக நொய், எண்ணெய் எடுக்கப் போகும் தவிடு, கொதிகலனுக்கு எரிபொருளாகும் உமி ஆகியவற்றின் வரவு. ஆலைக்காரர் இந்தக் கணக்கை மனத்தில் போட்டுக்கொண்டுதான் தங்களிடம் விலை பேசுவார். தாங்கள் அதைத் தெரிந்துகொள்ளாமல் களத்தில் விலை பேசினால், ஆலை வாசலில் இழப்பு வெளிப்படும்.

ஆகவே முதல் பருவத்தில் ஒவ்வொரு ரகத்திலும் ஒரு கிலோ மாதிரி எடுத்து, சிறு மாதிரி அரவை இயந்திரம் உள்ள ஆலையில் அரைத்துப் பார்த்து, முழு அரிசி எவ்வளவு, நொய் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். எந்த ஊர் நெல், என்றைக்கு அறுத்தது, எத்தனை சதவீதம் ஈரம் என்பதும் அதில் இருக்கட்டும். எடையில் கை வைக்காமல் இந்தத் தொழிலில் நிலைக்க முடியாது என்று தங்களிடம் சிலர் சொல்லக்கூடும். அதை நம்ப வேண்டாம். சரியான எடை போடும் வியாபாரிக்குத்தான் அடுத்த பருவத்தில் விவசாயி தானே தொலைபேசியில் அழைத்து நெல் இருப்பதைச் சொல்வார். தேடி அலையும் செலவும் தரகும் அந்த வியாபாரிக்கு மிச்சம்.

கேள்வி: கடையில் 25 கிலோ அரிசி மூட்டை கேட்டால் 26 கிலோதான் இருக்கிறது என்கிறார்கள். இதில் ஏதாவது சூட்சுமம் உண்டா? (சென்னை, அம்பத்தூர் வாசகி)

பதில்: வரிதான் காரணம். 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே பொட்டலமிட்டு விவரச்சீட்டு ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசிக்கு 5 சதவீத சரக்கு மற்றும் சேவை வரி விதிக்கப்பட்டது. அதற்கு மேற்பட்ட எடையுள்ள மூட்டைக்கு அந்த வரி இல்லை. எனவே ஆலைகள் மூட்டையை 26 கிலோவாக மாற்றிக்கொண்டன. இது சட்டத்துக்கு உட்பட்டதுதான். தங்களுக்கு இழப்பும் இல்லை. ஆனால் 26 கிலோ மூட்டையின் விலையைப் பழைய 25 கிலோ மூட்டையின் விலையோடு அப்படியே ஒப்பிடாமல், கிலோவுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். மாதம் ஐந்து கிலோ, பத்து கிலோ என்று பையில் வாங்குகிற குடும்பங்கள்தான் இந்த வரியைச் சுமக்கின்றன. மொத்தமாக வாங்க வசதியுள்ளவருக்கு வரி இல்லை, வசதியில்லாதவருக்கு வரி உண்டு என்ற இந்த நிலை எனக்குச் சரியாகப் படவில்லை.

கேள்வி: பல ஆண்டுகளாகப் பழகிய வியாபாரி, சம்பா நெல் நூறு மூட்டைக்கு மேல் ஏற்றிப் போனவர், பத்து நாளில் பணம் தருவதாகச் சொல்லி எட்டு மாதமாக இழுத்தடிக்கிறார். எழுத்து எதுவும் இல்லை. ஒரு காசோலை மட்டும் கொடுத்திருந்தார். வங்கியில் போட்டேன், போன வாரம் பணம் இல்லை என்று திரும்பிவிட்டது. என்ன செய்வது? (சீர்காழி வாசகர்)

பதில்: காசோலை திரும்பியது தங்களுக்கு வருத்தம் தந்தாலும், சட்டப்படி தங்கள் கையில் இருக்கும் வலுவான ஆதாரம் அதுதான். நாள் கணக்கு இங்கே மிக முக்கியம். காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாட்களுக்குள், பணத்தைச் செலுத்தக் கோரி அவருக்கு எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்பு கிடைத்ததிலிருந்து 15 நாட்களுக்குள் அவர் பணம் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதித்துறை நடுவர் மன்றத்தில் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின்கீழ் முறையிடலாம். போன வாரம்தான் திரும்பியது என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்ததும் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள். காசோலைத் தொகை மொத்தப் பாக்கியைவிடக் குறைவு என்றால், மீதிக்கு உரிமையியல் வழக்குத் தொடர மூன்றாண்டு அவகாசம் உண்டு.

எழுத்து இல்லை என்றாலும் ஆதாரமே இல்லை என்றாகிவிடாது. எடைமேடைச் சீட்டு, லாரியின் எண், ஏற்றிய ஆட்களின் சாட்சி, கைப்பேசியில் விலையும் மூட்டைக் கணக்கும் பேசிக்கொண்ட செய்திகள் ஆகியவற்றை இப்போதே திரட்டி வையுங்கள். பழகியவர் என்பதால் எழுதி வாங்கக் கூச்சப்படுகிறோம். ஆனால் தேதி, மூட்டை, எடை, விலை, பணம் தரும் நாள் என்று ஐந்து வரியில் ஒரு சீட்டு எழுதிக் கையெழுத்து வாங்குவது பழக்கத்தைக் கெடுக்காது. தரப்போகிறவருக்கு அதில் கையெழுத்துப் போடுவதில் தயக்கமும் இருக்காது.

கேள்வி: அரசு எப்போதிலிருந்து நெல் வாங்குகிறது? தஞ்சாவூருக்கு இதில் தனி இடம் உண்டு என்று ஆசிரியர் சொன்னார். (தஞ்சாவூர், பள்ளி மாணவர்)

பதில்: ஆசிரியர் சொன்னது உண்மைதான். இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14 அன்று, பொங்கல் நாளில், தொடங்கப்பட்டபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்தான் அமைந்தது. ஆதரவு விலையைப் பரிந்துரைக்கும் வேளாண் விலைக் குழுவும் அதே ஆண்டில்தான் ஏற்பட்டது. தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972இல் உருவானது. 2002 அக்டோபரிலிருந்து பரவலாக்கப்பட்ட கொள்முதல் முறையில் மாநில அரசின் சார்பில் அக்கழகமே நெல்லை வாங்கி, அரைத்து, நியாயவிலைக் கடைகளுக்கு அரிசியாக அனுப்புகிறது. உங்கள் ஊர் களத்து நெல்லில் ஒரு பகுதி இன்னொரு மாவட்டத்து அட்டைதாரரின் வீட்டில் சோறாவது இந்த வழியில்தான்.

கேள்வி: காங்கேயம் பகுதியில் சிறு அரிசி ஆலை நடத்துகிறோம். நாங்கள் ஏற்றுமதி செய்வதில்லை. ஆனாலும் மத்திய அரசு ஏற்றுமதியில் கை வைக்கும்போதெல்லாம் எங்கள் நெல் விலை ஆடுகிறது. ஏன்?

பதில்: தாங்கள் நெல் வாங்கும் அதே சந்தையில் ஏற்றுமதியாளருக்காக வாங்குபவரும் நிற்கிறார் என்பதே காரணம். 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. வெளிநாட்டுத் தேவை உடனே புழுங்கல் அரிசியின் பக்கம் திரும்பவே, அடுத்த மாதம் 25ஆம் தேதி புழுங்கலுக்கு 20 சதவீத ஏற்றுமதித் தீர்வை வந்தது. 2024 செப்டம்பர் 28இல் வெள்ளை அரிசித் தடை நீங்கியது. புழுங்கல் மீதான தீர்வை முதலில் பாதியாகக் குறைந்து, அக்டோபரில் முற்றிலும் விலகியது. தமிழக ஆலைகள் உள்ளூர் நெல்லோடு நின்றுவிடாமல் கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களிலிருந்தும் நெல் வாங்குவதால், அங்கே ஏற்படும் ஏற்ற இறக்கம் ஒரு வாரத்துக்குள் தங்கள் வாசலுக்கு வந்துவிடுகிறது.

நுகர்வோருக்கு அரிசி விலை கட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற நோக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஓர் இரவில் வெளியாகும் அறிவிப்பால், முன்தினம் அதிக விலைக்கு நெல் வாங்கிக் கிடங்கில் வைத்த சிறு ஆலை மொத்த இழப்பையும் ஏற்க வேண்டியிருக்கிறது. தங்களைப் போன்றவர்களுக்கு என் யோசனை: அரிசிக்கு ஆர்டர் கையில் இருக்கும் அளவுக்கு மட்டும் நெல் வாங்குங்கள். விலை ஏறும் என்ற எதிர்பார்ப்பில் கடன் வாங்கி இருப்பு வைப்பதைப் பெரிய ஆலைகளால் தாங்க முடியும். சிறு ஆலையால் முடியாது.

கேள்வி: அறுவடை நேரத்தில் விற்காமல் நான்கு மாதம் வைத்திருந்து விற்றால் நல்ல விலை கிடைக்கும் என்கிறார்கள். வீட்டில் இடம் இருக்கிறது. வைக்கலாமா? (விழுப்புரம் மாவட்ட வாசகர்)

பதில்: விலை எவ்வளவு ஏறினால் கட்டுப்படியாகும் என்பதை முதலில் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். விற்பனைக்கு 17 சதவீத ஈரம் போதும்; மாதக்கணக்கில் சேமிப்பதற்கு 13 சதவீதமாவது, முடிந்தால் 12 சதவீதம் வரை காயவைக்க வேண்டும். 17இலிருந்து 13க்கு இறங்கும்போது 100 கிலோ நெல் 95 கிலோ 400 கிராம் ஆகிவிடும். இன்று 2,500 ரூபாய்க்கு விற்கக்கூடிய நெல்லை, எடை குறைந்த ஒரே காரணத்துக்காக 2,620 ரூபாய்க்கு விற்றால்தான் சமமாகும். கடன் வாங்கிப் பயிரிட்டவராக இருந்து, மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று நான்கு மாதத்துக்குக் கட்டினால், அந்த விலை 2,725 ரூபாயாக இருக்க வேண்டும். அந்துப்பூச்சியும் கூன்வண்டும் எலியும் தின்பது இதற்கு மேல். கொள்முதல் நிலையத்தை நம்பி விளைவிக்கும் சாதாரண ரகத்துக்கு இந்த ஏற்றம் உறுதியில்லை. பழைய அரிசிக்குத் தனி மதிப்புள்ள பொன்னி போன்ற சன்ன ரகங்களை வைத்திருப்பவர்களுக்கு இது கைகொடுக்கும். பழைய அரிசி சோறு நன்றாக விரியும், குழையாது என்பதற்காகவே கூடுதல் விலை கொடுத்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

உடனடிப் பணத் தேவை மட்டுமே தங்களை அறுவடை நேரத்தில் விற்க வைக்கிறது என்றால், வீட்டில் வைப்பதைவிட ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் கிடங்கில் வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கிக்கொள்வது நல்லது. நெல்லின் மதிப்பில் ஒரு பகுதியைக் குறைந்த வட்டியில் கடனாகத் தருவார்கள். விலை வரும்போது விற்றுக் கடனை அடைத்துவிட்டு மீதியைப் பெறலாம். முறையாகப் பதிவு பெற்ற சேமிப்புக் கிடங்கில் வைத்தால், அங்கே தரும் ரசீதை ஈடாகக் காட்டி வங்கியிலும் கடன் கேட்கலாம். எந்தக் கிடங்கானாலும், மூட்டைகளை உள்ளே விடும்போது எடையோடு ஈரப்பதத்தையும் ரசீதில் குறிக்கச் சொல்லுங்கள். நான்கு மாதம் கழித்து எடை குறைந்திருந்தால், அது காய்ந்ததால் வந்த குறைவா, காணாமல் போன குறைவா என்பதை அந்த ஒரு எண்ணை வைத்துத்தான் தீர்மானிக்க முடியும்.